நூல் சொல்வதும் நிழல் சொல்வதும்

கேள்வி இதுதான். ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து உயர்தர உயிரியல் படிக்கும் தங்கச்சி ஒருவர் கேட்கிறார்: "பாடசாலையில் காலையில் சிவபுராணம் ஓதிவிட்டு, மூன்றாம் பாடவேளையில் கூர்ப்பு, அதாவது பரிணாமம், படிக்கிறோம். 'புல்லாகிப் பூடாய்' என்பதே கூர்ப்புத்தான், திருவாசகத்தில் இல்லாத விஞ்ஞானம் இல்லை என்கிறார் அப்பா. எல்லாமே கட்டுக்கதை என்கிறான் அண்ணன். 2025 செப்டெம்பர் சந்திர கிரகணத்தன்று ஏழு மாதக் கர்ப்பிணியான அக்காவை அம்மா மத்தியானத்திலிருந்து சாப்பிடவே விடவில்லை. சமய நூலும் இன்றைய விஞ்ஞானமும் ஒத்துப்போகுமா? இல்லையென்றால் எதை விடுவது?"

தங்கச்சி, ஒரு நூலை முழுசாகத் தூக்கி விஞ்ஞானத்தோடு பொருத்தவும் முடியாது, முழுசாகத் தூக்கி எறியவும் தேவையில்லை. வசனம் வசனமாகப் பார்க்க வேண்டும். வானத்தையோ மண்ணையோ உடம்பையோ பற்றி அளந்து பார்க்கக்கூடிய ஒன்றை ஒரு வசனம் சொன்னால், அளந்து பாருங்கள். பிழையென்றால் பிழைதான், எந்த நூலில் இருந்தாலும். கடவுள் முன் ஒரு மனிதன் நின்று அழுவதை ஒரு வசனம் சொன்னால், அதை அளக்கக் கோல் இல்லை, அளக்கவும் வேண்டாம். அண்ணன் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார். அப்பாவும் அதையேதான் செய்கிறார். அன்பினால் செய்தாலும், என் பார்வையில் அப்பா செய்வதால்தான் திருவாசகத்துக்குச் சேதம் அதிகம். நீங்கள் தினமும் ஓதும் வரிகளையே எடுப்போம்.

புல்லாகிப் பூடாய்ப் புழுவாய் மரமாகிப்
பல்விருக மாகிப் பறவையாய்ப் பாம்பாகிக்
கல்லாய் மனிதராய்ப் பேயாய்க் கணங்களாய்
வல்லசுர ராகி முனிவராய்த் தேவராய்ச்
செல்லாஅ நின்றஇத் தாவர சங்கமத்துள்
எல்லாப் பிறப்பும் பிறந்திளைத்தேன் எம்பெருமான்

இந்த வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே வாசியுங்கள். புழுவுக்குப் பிறகு மரம். பறவைக்குப் பிறகு பாம்பு. பாம்புக்குப் பிறகு கல். கல்லுக்குப் பிறகு மனிதர், அதன் பிறகு பேய். பாறைகளில் பதிந்த உயிர்ச்சுவட்டுப் பதிவிலோ ஊர்வன முந்தியவை, பறவைகள் பிந்தியவை. கல்லுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. இதைக் கூர்ப்பு என்று சொல்ல வேண்டுமானால் மாணிக்கவாசகரின் வரிகளைக் கலைத்து அடுக்க வேண்டும். இன்னொன்று, கூர்ப்பு ஓர் உயிர் இன்னோர் உயிராக மாறுவது அல்ல. ஒரு குடித்தொகையில், தலைமுறை தலைமுறையாக, கடத்தப்படும் இயல்புகளின் வீதம் மாறுவதுதான் கூர்ப்பு. சிவபுராணம் சொல்வதோ ஒரே ஓர் ஆன்மா எல்லா உடம்பிலும் புகுந்து புறப்பட்ட கதையை.

கூர்ப்பைப் பார்க்க வேண்டுமானால் நமது மலையிலேயே இருக்கிறது. கொம்பு மூக்கு ஓணான் சாதி உலகத்திலேயே இலங்கையில் மட்டும்தான் உண்டு. ஹக்கலையிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் இருப்பதற்கு மூக்கில் கூரான கொம்பு. நக்கிள்ஸ் மலையில் இருப்பதற்கு இலை மாதிரித் தட்டையான கொம்பு. தெற்கே மழைக்காட்டுப் பக்கம் இருக்கும் சில இனங்களுக்குக் கொம்பு இருக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும். மலைகளும் பள்ளத்தாக்குகளும் பிரித்துப் போட்ட கூட்டங்கள் தனித்தனியே மாறிப்போயின. புதர்த் தவளைகளும் அப்படித்தான்: இந்தச் சின்னத் தீவில் 70-க்கு மேற்பட்ட இனங்கள், அவற்றின் முட்டையிலிருந்து வாற்பேய் (தலைப்பிரட்டை) என்ற கட்டமே இல்லாமல் நேரே தவளைக் குஞ்சு வெளிவரும். இது கிளை விட்டுப் போகிற மரம். படிப்படியாக ஏறுகிற ஏணி அல்ல. மச்சம், கூர்மம், வராகம் என்று தசாவதாரத்தைக் கூர்ப்பாக்கிக் காட்டுபவர்கள் தடுக்கி விழுவதும் இந்த இடத்தில்தான். ஆமையிலிருந்து பன்றி வரவில்லை. பரசுராமரும் இராமரும் கண்ணனும் ஒரே மனித இனம். அவதாரம் என்ற சொல்லுக்கே இறங்கி வருதல் என்றுதான் பொருள்.

அப்படியானால் அந்தச் சிவபுராண வரிகளில் என்ன மிச்சம்? 'இளைத்தேன்' மிச்சம். ஐந்து வரி முழுக்கப் பிறப்புகளை அடுக்கியது அந்த ஒரு வினைச்சொல்லில் வந்து களைத்து விழுவதற்காக. கொழுந்துக்கூடையோடு மேட்டு மலை ஏறி இறங்கி, நாலரை மணிக்குத் தராசுக்கு முன்னால் நிற்கிற ஒருவருக்கு அந்தச் சொல் என்ன செய்யும் என்பதை உயிரியல் புத்தகம் சொல்லாது. அது அதன் வேலையும் இல்லை. அதைக் கூர்ப்புப் பாடத்துக்குச் சாட்சியாகக் கூப்பிட்டால், பிழையான சாட்சி சொன்ன பழி மாணிக்கவாசகர் தலையில் விழும்.

அப்பா அடுத்ததாக எடுப்பது திருவாசகத்தின் திருவண்டப்பகுதியாக இருக்கும். 'அண்டப் பகுதியின் உண்டைப் பிறக்கம்', 'நூற்றொரு கோடியின் மேற்பட விரிந்தன'. உருண்டை வடிவ அண்டங்கள், கோடிக்கணக்கில், விரிந்தன: இதோ அண்டம் விரிவடையும் கொள்கை என்பார்கள். இந்த மாதிரிப் பொருத்தங்களுக்கு ஒரு நல்ல பரிசோதனை உண்டு. முன்கூட்டிச் சொன்னதா, பின்கூட்டிப் பொருத்தியதா என்று கேளுங்கள். அண்டம் விரிவதை லெமேத்ர் என்ற விஞ்ஞானி 1927-இல் கணித்தார், வானியலாளர் ஹபிள் 1929-இல் அவதானங்களோடு காட்டினார். அதற்கு முன்னர் எந்த உரைகாரராவது 'விரிந்தன' என்பதற்கு நாளுக்கு நாள் விலகிப் போகின்றன என்று பொருள் எழுதினாரா? 'நூற்றொரு கோடி' என்பதை எண்ணிக்கையாக எடுத்தாலும் உதவாது. இன்று காணக்கூடிய அண்டத்தில் விண்மீன் திரள்கள் மட்டுமே 10,000 கோடிக்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். புகழ்ச்சிக்காகச் செய்த பொருத்தம் அவரை எண்ணத் தெரியாதவராக்கிவிடுகிறது.

அடுத்த வரியையும் அப்பாவை வாசிக்கச் சொல்லுங்கள். 'இன்னுழை கதிரின் துன்னணுப் புரையச் சிறிய வாகப் பெரியோன்'. இல் நுழை கதிர்: வீட்டுக்குள் நுழைகிற வெயில். தோட்டத்து லயன் காம்பராவில் (வரிசை வீட்டு அறையில்) இருப்பவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. தகரத்தில் ஆணி கழன்ற ஓட்டை வழியே காலை வெயில் கோலாக இறங்கும். அதற்குள் தூசு மிதக்கும். கோலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அந்தக் கோடி அண்டங்களும் அவன் முன்னால் அந்தத் தூசு அளவு என்கிறார். அண்டத்தின் கணக்குச் சொல்ல வந்த பாட்டல்ல அது, கணக்கெல்லாம் சிறுத்துப்போகிற இடத்தைக் காட்ட வந்த பாட்டு.

அதே ஓட்டையை விஞ்ஞானமும் விடாது. தரையில் விழும் ஒளிப்பொட்டைப் பாருங்கள். ஓட்டை சதுரமோ கிழிசலோ, பொட்டு வட்டமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது ஓட்டையின் உருவம் அல்ல, சூரியனின் விம்பம். வெயில் சரிந்து வந்தால் தரையில் முட்டை வடிவாகும். வெள்ளை அட்டையைக் கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்தால் வட்டமாகிவிடும். அட்டையை ஓட்டைக்குக் கிட்டக் கொண்டுபோனால் ஓட்டையின் வடிவம் தெரியும்; தள்ளிக் கொண்டுவர வட்டமாகும். விம்பத்தின் விட்டம் ஓட்டையிலிருந்து உள்ள தூரத்தில் ஏறக்குறைய 107-இல் ஒரு பங்கு. 2.7 மீற்றருக்கு 2.5 சென்ரிமீற்றர். ஓட்டை 3 முதல் 5 மில்லிமீற்றருக்குள் இருக்க வேண்டும், பெரிதானால் விளிம்பு மங்கும். ஒரே கதிர், இரண்டு விதமான பார்வை. ஒன்று மற்றதைப் பொய்யாக்கவில்லை, நிரூபிக்கவும் இல்லை.

இனிப் பெருமைக்காகச் சொல்லப்படும் இன்னொரு கணக்கு. ஒரு கற்பம் 432 கோடி ஆண்டு, பூமியின் வயது 454 கோடி ஆண்டு, பார்த்தீர்களா என்பார்கள். நூலைத் திறந்து மீதியையும் படிக்க வேண்டும். 432 கோடி என்பது பிரமனின் ஒரு பகல் முழுவதற்குமான நீளம். அந்தப் பகலில் நாம் இருப்பது ஏழாவது மன்வந்தரத்தின் 28-ஆவது சதுர்யுகத்துக் கலியுகத்தில். அந்தக் கணக்குப்படி கற்பம் தொடங்கி இதுவரை கழிந்தது சுமார் 197 கோடி ஆண்டுதான். வயதை நூலே சொல்லும்போது அதை விட்டுவிட்டு, பக்கத்தில் கிடந்த பெரிய எண்ணைத் தூக்கிக் காட்டுகிறோம். இவ்வளவு நீண்ட காலத்தை எண்ணிப் பார்க்கத் துணிந்த மனங்கள் நம்மிடம் இருந்தன என்பது உண்மையான பெருமை. அதற்குப் பொய்க் கணக்கு தேவையில்லை.

454 கோடி போன்ற வயதுகளை எப்படி அளக்கிறார்கள் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். யுரேனியம் 238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு, யுரேனியம் 235 பாதியாகக் குறைய 70 கோடி ஆண்டு. இரண்டும் வெவ்வேறு ஈயமாக முடியும். ஒரே கனிம மணிக்குள் இரண்டு கடிகாரம் ஓடுவது போல. இரண்டும் ஒரே வயதைக் காட்டினால்தான் ஏற்பார்கள். நம் ஊர் இல்லத்தில், அதாவது மாணிக்கக்கல் எடுக்கும் பரற்படையில், கிடைக்கும் சிர்கோன் மணிகள் சில சுமார் 56 கோடி ஆண்டுப் பழமையானவை. அவற்றை உலகத்து ஆய்வுகூடங்கள் தங்கள் கருவிகளைச் சரிபார்க்கும் படிக்கல்லாகவே பயன்படுத்துகின்றன. மத்திய மலைநாட்டுப் பாறைகள் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். சிவனொளிபாத மலையின் உச்சிப் பாதத்தைச் சிவனுடையது என்றும் புத்தருடையது என்றும் ஆதாமுடையது என்றும் ஏறுகிற எல்லோரும் மிதித்துப் போவது இந்தக் கிழப் பாறையைத்தான்.

அதனால்தான் உலகத்துக்கு வயது 6,000 ஆண்டு என்று விவிலியத் தலைமுறைகளைக் கூட்டிச் சொல்லும் வாசிப்போடு எந்தச் சமாதானமும் செய்ய முடியாது. ஆயர் அஷர் 1650-இல் கி.மு. 4004 என்று கணக்குப் போட்டார். கணக்கு நேர்மையானது, முடிவு பிழை. எல்லாக் கிறிஸ்தவர்களும் அப்படி வாசிப்பதில்லை. ஆதியாகமத்துக்கு உரை எழுதிய புனித அகுஸ்தீன், ஐந்தாம் நூற்றாண்டிலேயே, வானத்தையும் பூமியையும் பற்றித் தெரியாததை வேதத்தின் பெயரால் பேசி நம்பாதவர்கள் முன் அவமானப்படாதீர்கள் என்று கண்டித்தார். மேலே சொன்ன லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். 1951-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் பெருவெடிப்பைப் படைப்புக்குச் சான்றாகப் பாராட்டியபோது, அப்படிக் கலக்க வேண்டாம் என்று நினைத்தவர் அவர்தான். தன் கொள்கை நாளைக்குத் திருத்தப்படலாம், அதன்மேல் விசுவாசத்தைக் கட்டினால் அதுவும் சேர்ந்து ஆடும் என்பது அவருக்குத் தெரியும்.

கிரகணத்துக்கு வருவோம், உங்கள் வீட்டில் வலித்த இடம் அதுதானே. ராகு விழுங்குகிறது என்பது புராணம். ஆனால் நமது மரபே அதோடு நின்றுவிடவில்லை. கி.பி. 499-இல் வானியலாளர் ஆரியபடர், சூரியனைச் சந்திரன் மறைக்கிறது, சந்திரனைப் பூமியின் பெருநிழல் மறைக்கிறது என்று நேராக எழுதினார். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் ராகு காரணமல்ல என்று வாதாடினார்; பிறகு, கிரகண நேரத்துத் தானங்களில் பங்கு பெற ராகுவுக்கு வரம் கிடைத்தது என்று கதைக்கும் ஓர் இடம் விட்டார். 628-இல் பிரமகுப்தர் இவர்களைச் சாடினார்: வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதமாகப் பேசுகிறார்கள் என்று. ஆனால் கிரகணத்தைக் கணக்கிடும்போது அவரும் நிழலை வைத்துத்தான் கணக்கிட்டார். இதைப் படித்த முஸ்லிம் அறிஞர் அல்-பிரூனி, 1030 அளவில், இவ்வளவு தெரிந்தவர் ஏன் இப்படி எழுதினார், சாக்ரட்டீசுக்கு நேர்ந்தது தனக்கும் நேரும் என்று பயந்தாரோ என்று கேட்டார். நீங்கள் இன்று கேட்கும் கேள்வி 1,400 ஆண்டுப் பழசு, தங்கச்சி. கேட்டதற்காகச் சமயத்துரோகி என்று யாராவது சொன்னால் இந்தப் பெயர்களைச் சொல்லுங்கள்.

வீட்டுப் பஞ்சாங்கமே நிழலின் பக்கம்தான் நிற்கிறது. எந்த ஆண்டையும் திறந்து பாருங்கள்: ராகுவும் கேதுவும் எப்போதும் ஒன்றுக்கொன்று ஏழாம் ராசியில், எப்போதும் பின்னோக்கி. அவை சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள், அதனால்தான் நேரெதிரே நிற்கின்றன. சந்திரன் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் ஒவ்வொரு பௌர்ணமியும் கிரகணமாவதில்லை. அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் நிகழும் பௌர்ணமிதான் கிரகணமாகும். 2025 செப்டெம்பர் 7 இரவு சந்திரன் கும்பத்தில், ராகுவும் கும்பத்தில், சூரியன் சிம்மத்தில், கேதுவும் சிம்மத்தில். பாம்பு என்று பெயர் வைத்தே புள்ளியைக் கணக்கிட்டிருக்கிறார்கள். முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் அவர்களுடைய ஹதீஸையும் கேட்டுப் பாருங்கள்: நபிகளாரின் மகன் இப்ராஹீம் இறந்த நாளில் சூரிய கிரகணம் வந்தது, அந்த இறப்பினால்தான் வந்தது என்று மக்கள் சொன்னபோது, சூரியனும் சந்திரனும் எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் மறைவதில்லை என்று அவர் மறுத்தார். தொழுகையை நடத்தினார்.

அக்கா பட்டினி கிடந்ததைச் சும்மா விடக்கூடாது. அன்று முழுக் கிரகணம்; அதன் பகுதிக் கட்டம் இரவு 9.57-க்குத் தொடங்கி 1.27-க்கு முடிந்தது. சந்திர கிரகணத்துக்கு மூன்று யாமம், அதாவது 9 மணி நேரம், முன்பே உணவு கூடாது என்ற நூல் விதியை அப்படியே பிடித்தால், பகல் ஒரு மணியிலிருந்து மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம் வெறும் வயிறு. ஏழு மாதக் கர்ப்பிணிக்கு இரத்தச் சீனி இறங்கித் தலைச்சுற்றும், தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீர்த் தொற்றுக்கு இடமாகும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவரென்றால் உயிராபத்து. உதடு பிளந்த குழந்தை பிறக்கும் என்ற பயம்தான் அம்மாவை அப்படிச் செய்ய வைத்திருக்கும். கருவில் உதடு உருவாவது நான்காம் கிழமைக்கும் ஏழாம் கிழமைக்கும் இடையில். ஏழாம் மாதத்தில் வானத்தில் என்ன நடந்தாலும் உருவாகி முடிந்த உதடு பிளக்காது. பிளவுக்குப் பரம்பரை, புகைத்தல், சில மருந்துகள், ஃபோலிக் அமிலக் குறைவு போன்றவற்றைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் கல்யாணமான உடனேயே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

அம்மாவிடம் இதை வாதமாகச் சொல்லாதீர்கள். விதி சொல்லும் நூல்களே குழந்தை, முதியவர், நோயாளி மூவருக்கும் அந்த உண்ணா நோன்பிலிருந்து விலக்குக் கொடுத்திருக்கின்றன. கர்ப்பிணியையும் அந்த வரிசையில் சேர்க்கலாமா என்று உங்கள் குருக்களிடம் கேளுங்கள். கோயிலில் குருக்கள் வாயால் ஒரு தரம் சொல்ல வைத்து, கிளினிக்கில் மிட்வைஃப் வாயாலும் ஒரு தரம் சொல்ல வைத்தால் அம்மா கேட்பார். அம்மாள் வருத்தத்துக்கும் இதே வழி. கொப்புளிப்பான் கண்டவரைத் தனியே வைப்பது, வேப்பிலை கட்டுவது, வீட்டுக்கு ஆள் வராமல் பார்ப்பது, மாரியம்மனுக்கு நேர்வது, எதையும் நிறுத்த வேண்டாம். தனிமைப்படுத்தல் உண்மையிலேயே பரவலைக் குறைக்கும். ஆனால் வளர்ந்தவருக்கோ கர்ப்பிணிக்கோ வந்தால், கொப்புளம் தெரிந்த 24 மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் மருந்து நன்றாக வேலை செய்யும். மூன்றாம் தண்ணி ஊற்றும்வரை காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும். மூச்சு வாங்கினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

அளந்து பார்க்கக்கூடிய இன்னொரு வசனம்: தை முதல் நாள் உத்தராயணம் தொடங்குகிறது, சூரியன் வடக்கே திரும்புகிறது. இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு மீற்றர் கம்பை, நிலத்துக்கு மேலே சரியாக 100 சென்ரிமீற்றர் நிற்கும்படி நிறுத்துங்கள். நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு நேர் பாருங்கள். மலைநாட்டில் சமதரை கிடைப்பதுதான் சிரமம். கோயில் முற்றமோ பெரட்டுக்களச் சீமெந்தோ (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம்) பார்த்துப் பிடியுங்கள். ஒரு பாகை சரிந்தாலே நிழலில் 2 சென்ரிமீற்றருக்கு மேல் பிழை வரும். இரண்டு நாளும் ஒரே இடத்தில், ஒரே கம்பால் அளந்தால் அந்தப் பிழை வித்தியாசத்தைப் பெரிதாகக் கெடுக்காது. நிழலின் நுனி ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் மங்கலாக இருக்கும், அதனால் கம்பின் உச்சியில் சின்ன ஓட்டை போட்ட தகரத் துண்டைக் கட்டி, விழும் ஒளிப்பொட்டின் நடுவை அளவுங்கள். ஆமாம், அதே கூரை ஓட்டைதான். 11.55-இலிருந்து 12.30 வரை ஐந்து நிமிடத்துக்கொரு தரம் புள்ளி வையுங்கள், மிகக் குறுகியதே உச்சி நிழல். ஹட்டனில் டிசெம்பர் 21-இல் அது 12.06 அளவில் வரும், நீளம் ஏறக்குறைய 58½ சென்ரிமீற்றர். ஜனவரி 14-இல் 12.17 அளவில், ஏறக்குறைய 53½. ஊவாப் பக்கம் அந்த மாதங்களில் மழை. ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் ஜனவரியில் பெரும்பாலும் வெளிச்சம் கிடைக்கும்.

அதாவது பொங்கல் வருவதற்குள் நிழல் 5 சென்ரிமீற்றர் குறைந்தாயிற்று. சூரியன் திரும்பி 24 நாள் ஆகிவிட்டது. நூல் பொய் சொல்லவில்லை, பழசாகிவிட்டது. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால், நட்சத்திரங்களை வைத்து எண்ணும் மகர ராசிப் பிறப்பு சுமார் 71 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் உண்மையான திருப்பத்திலிருந்து விலகுகிறது. ஏறத்தாழ 1,700 ஆண்டுக்கு முன்னர் இரண்டும் ஒரே நாளில் விழுந்தன. இந்தியாவில் விஞ்ஞானி மேகநாத் சாகா தலைமையிலான குழு 1955-இல் இதைத் திருத்தச் சொன்னது, பண்டிகைகள் அசையவில்லை. எனக்கு அதில் குறையில்லை. பொங்கல் சூரியனுக்கு நன்றி சொல்லும் நாள், நன்றிக்கு நாள் தப்பாது. 'இன்றுதான் சூரியன் வடக்கே திரும்புகிறான்' என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் புத்தாண்டு நேரத்தில் முரண்படுவதும் இதே இனத்து விசயம். வாக்கியம் எடுக்கும் ஆண்டு 365 நாள், 15 நாழிகை, 31 விநாழிகை, 15 தற்பரை, அதாவது 365 நாள் 6 மணி 12 நிமிடம் 30 விநாடி. இன்று அளக்கப்பட்ட நட்சத்திர ஆண்டு அதைவிட 3 நிமிடம் 20 விநாடி குறைவு. ஒரு மனித ஆயுளில் தெரியாது, ஆயிரம் ஆண்டில் இரண்டு நாளுக்கு மேல் சேரும். கோள்களில் வித்தியாசம் இன்னும் பெரிது: திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-இல் மீனத்துக்கு வந்த சனி, வாக்கியப்படி 2026-இல்தான் வருகிறது, திருநள்ளாற்றுக் கோயில் வாக்கியத்தையே பின்பற்றுவதால் 2025-இல் பெயர்ச்சி இல்லை என்று அறிவித்தது. திருக்கணிதம் என்பதில் வரும் 'திரு' மரியாதைத் திரு அல்ல, 'த்ருக்', பார்வை. கண்ணால் பார்த்து ஒப்பிட்ட கணிதம். கேரளத்து வானியலாளர் பரமேசுவரர் 55 ஆண்டு கிரகணங்களைப் பார்த்துப் பார்த்துப் பழைய எண்களைத் திருத்தி 1431-இல் அந்த முறையை எழுதினார். மரபு என்றால் மாற்றாமல் வைத்திருப்பது என்று நினைப்பவர்கள் இவரை மரபுக்கு வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

நுவரெலியாப் பக்கம் சீதையம்மன் கோயில் இருக்கும் சீத்தாஎலியவைப் பற்றியும் கேட்பீர்கள். அனுமான் எரித்ததால்தான் அங்கு மண் கறுப்பு என்பார்கள். நுவரெலியாப் பக்கம் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவு. குளிரில் இலைதழை மெதுவாகத்தான் உக்கும், உக்கல் சேர்ந்து மேல்மண் கறுக்கும். அந்த உயரத்தில் கோயிலுக்கு எட்டாத இடங்களிலும் அப்படித்தான். எரிந்த கரியா உக்கலா என்று பாடசாலை ஆய்வுகூடத்தில் பார்க்கலாம்: ஒரு தேக்கரண்டி காய்ந்த மண்ணில் ஐதரசன் பெரொக்சைட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உக்கல் நுரைத்து நிறம் வெளிறும், கரி பெரும்பாலும் கறுப்பாகவே நிற்கும். பாமசியில் வாங்கும் 6 வீதம் மெதுவாக வேலை செய்யும், இரவு முழுக்க வையுங்கள். ஆய்வுகூடத்து 30 வீதம் தோலைச் சுடும், ஆசிரியர் இல்லாமல் தொடக்கூடாது. அனுமானின் பாதம் என்று காட்டப்படும் ஓடைப் பாறைக் குழிகள் சுழல்நீரில் பரற்கற்கள் அரைத்த குழிகள் போன்றவை. வேறு ஓடைகளிலும் பார்க்கலாம். சீதையம்மன் கோயிலில் கும்பிட மண்ணின் சான்றிதழ் யாருக்கும் வேண்டியதில்லை. தனியே விடப்பட்ட ஒரு பெண் அந்நிய மலையில் அழுத கதையை, கடல் தாண்டிக் கூட்டிவரப்பட்டு இந்த மலைகளில் விடப்பட்டவர்களின் பிள்ளைகள் ஏன் இறுகப் பிடித்துக்கொண்டார்கள் என்பது மண்ணைவிடப் பெரிய விசயம்.

ஒத்துப்போகாதவையும் உண்டு, மறைக்க மாட்டேன். நோய் முற்பிறப்புப் பாவத்துக்குத் தண்டனை என்பதும், பிறப்பினால் இரத்தம் உயர்வு தாழ்வு என்பதும், இனங்கள் ஒவ்வொன்றும் இன்றிருக்கும் வடிவிலேயே தனித்தனியே செய்து வைக்கப்பட்டன என்பதும் சோதிக்கப்பட்டுத் தோற்றவை. இவற்றுக்கு உள்ளர்த்தம் தேடிக் காப்பாற்றப் போக வேண்டாம். அவை நூலில் இருந்தாலும் விட்டுவிடுங்கள். மறுபக்கம், கடவுள் உண்டா, ஆன்மா உண்டா என்பதை விஞ்ஞானம் முடித்துவிட்டது என்று அண்ணன் சொன்னால், எந்தப் பரிசோதனையில், எந்த அளவில் என்று கேளுங்கள். கூர்ப்பு கொம்பு மூக்கு ஓணானை விளக்கும். அது 'எம்பெருமான்' என்று அழைப்பதைத் தடுக்காது.

பரீட்சையில் கூர்ப்புக் கேள்விக்குக் கூர்ப்பையே எழுதுங்கள், சிவபுராண மேற்கோள் வேண்டாம். சைவநெறித் தாளில் சிவபுராணத்துக்குப் பொருள் எழுதும்போது கூர்ப்பைக் கொண்டுவராதீர்கள். இரண்டு தாளிலும் புள்ளி கூடும், இரண்டையும் சரியாகப் புரிந்ததாகவும் இருக்கும்.

2027 ஆகஸ்ட் 2 மாலை இலங்கையில் பகுதிச் சூரிய கிரகணம். வெயில் சரிந்து வருவதால் கூரை ஓட்டை உதவாது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை 5 மில்லிமீற்றர் ஓட்டை போட்ட கடதாசியால் மூடி, இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) சாய்த்து வைத்து, வெயிலை உள்ளே இருட்டுக் காம்பராவின் சுவருக்குத் திருப்புங்கள். 5 மீற்றர் தூரத்தில் சூரியன் ஏறக்குறைய நாலரை சென்ரிமீற்றர் வட்டமாக விழும், ஒரு பக்கம் கடிபட்டிருக்கும். கண்ணாடியை யாரும் எட்டிப் பார்க்காமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிம், சாணித் தண்ணீர், கறுப்புக் கண்ணாடி எதனாலும் சூரியனைப் பார்க்கக் கூடாது. ஹட்டன் பக்கம் அது தென்மேல் பருவம், மேகம் மூடலாம். பண்டாரவளை, பதுளைப் பக்கம் உறவினர் இருந்தால் முதல்நாளே போய்விடுங்கள். அம்மாவையும் சுவருக்கு முன்னால் உட்கார வையுங்கள். சூரிய கிரகணத்துக்கு நூல் சொல்வது 4 யாமம், விடியற்காலையிலிருந்தே உண்ணாமை. அம்மா இருக்க விரும்பினால் இருக்கட்டும். வீட்டில் கர்ப்பிணியோ குழந்தையோ நோயாளியோ இருந்தால், அவர்களுக்கு ரொட்டியும் தேத்தண்ணியும் வழக்கமான நேரத்துக்கு.